இடவெந்தை... வலவெந்தை! திருவிடந்தைக்குப் புறப்படுமுன் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சென்னையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "கோவளம் பீச்சுக்குப் போகலாம், அப்படியே மகாபலிபுரமும் பார்த்துவிட்டு வரலாம்!" பிள்ளைகள் குதிப்பார்கள். வீட்டுக்காரர் வண்டியை எடுப்பார். நாமோ புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏறி உட்காருவோம். ஈ.சி.ஆர். சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் திருவிடந்தை வரும். "கோயிலைத் திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். திரும்பி வரும்போதோ உடம்பெல்லாம் மணல், ஈரத்துணி, தூங்கி விழும் குழந்தைகள். கோயிலும் நடை சாத்தும் நேரமாகியிருக்கும். அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அடுத்த முறை இந்த வரிசையை மாற்றிப் பாருங்களேன். முதலில் பெருமாள், பிறகு கடல். அப்படிப் போகிறவர்கள் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், அங்கே காண்பதெல்லாம் வேறுமாதிரி தெரியும்.

2018 ஏப்ரலில் மத்திய அரசின் ராணுவத் தளவாடக் கண்காட்சி இங்கே நடந்தபோது, திருவிடந்தை என்ற பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. பீரங்கிகளைப் பார்க்கப் போனவர்களில் எத்தனை பேர் பெருமாளையும் சேவித்தார்களோ! ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊருக்குப் பெருமை தருபவர் அவர்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. திருமங்கையாழ்வார் ஒரு திருமொழி முழுவதையும், அதாவது பத்துப் பாசுரங்களையும், இந்தப் பெருமாளுக்கே சமர்ப்பித்திருக்கிறார்.

பெயரிலேயே பெருமாள்!

திருவிடந்தை என்று இன்று நாம் சொல்வது, வாய்வழக்கில் சுருங்கிய பெயர். ஆழ்வார் பாடுவது 'இடவெந்தை'. பிரித்துப் பாருங்கள்: இட + எந்தை. நடுவே வருகிற 'வ்' நாம் பள்ளியில் படித்த உடம்படுமெய்தான். எந்தை என்றால் என் தந்தை, என் தலைவன். இடப்பக்கத்தில் 'திரு'வாகிய பிராட்டியை வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைவன் இருக்குமிடம் திரு இடவெந்தை. மலையையோ ஆற்றையோ மரத்தையோ வைத்துப் பெயர் பெற்ற தலங்கள் ஏராளம். இங்கே பெருமாளும் பிராட்டியும் அமர்ந்திருக்கும் நிலையே ஊரின் பெயராகிவிட்டது.

இந்த 'இட'த்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போகும்போது இதற்கு ஒரு ஜோடி காத்திருக்கிறது.

360 பெண்களைப் பெற்ற தகப்பன்

தலபுராணம் இரண்டு கதைகளைச் சொல்கிறது. முதல் கதை ஓர் அரசனுடையது. மேகநாதன் என்ற அசுரனின் மகன் பலி. (இவன் வாமனருக்கு மூன்றடி மண் கொடுத்த மாவலிச் சக்கரவர்த்தி அல்ல, வேறொருவன்.) மாலி, மால்யவான், சுமாலி என்ற அரக்கர்கள் தேவர்களோடு போரிட இவனுடைய உதவியைக் கேட்டார்கள். முதலில் மறுத்தவன், பிறகு அவர்கள் பக்கம் நின்று போரிட்டான். வென்றான். வெற்றியோடு பிரம்மஹத்தி தோஷமும் வந்து ஒட்டிக்கொண்டது. அது தீர இந்தக் கடற்கரையில் தவமிருந்தான். அவனுக்கு வராகப் பெருமாளாகக் காட்சி கொடுத்து தோஷத்தைப் போக்கினார் எம்பெருமான் என்கிறது புராணம்.

அடுத்த கதைதான் நமக்கு நெருக்கமானது. காலவர் என்றொரு முனிவர். அவருக்கு ஒன்றல்ல, இரண்டல்ல, 360 பெண் குழந்தைகள்! தாயையும் இழந்த அந்தப் பெண்களை வளர்த்து ஆளாக்கினார். ஒரு பெண்ணுக்கு வரன் தேடுவதற்குள் நம் வீடுகளில் செருப்பு தேய்ந்துவிடுகிறது. 360 பெண்களுக்கு எங்கே போவார் அந்தத் தகப்பன்? "என் பெண்களை நீயே ஏற்றுக்கொள்" என்று வராகப் பெருமாளையே வேண்டித் தவமிருந்தார்.

ஒருநாள் ஓர் அழகிய பிரம்மசாரி அவருடைய ஆசிரமத்துக்கு வந்தான். வந்தவன் யாரென்பது காலவருக்குப் புரிந்துவிட்டது. பெண்களை மணந்துகொள்ளும்படி கேட்டார். அவனும் சம்மதித்து, நாளுக்கு ஒரு பெண்ணாக 360 நாட்களில் 360 பேரையும் மணந்தான். நாள்தோறும் கல்யாணம் நடந்ததால் பெருமாளுக்கு 'நித்ய கல்யாணப் பெருமாள்' என்ற திருநாமம் வந்தது. ஊர் 'நித்ய கல்யாணபுரி' ஆனது. கடைசி நாளில் பெருமாள் தன் சுயரூபத்தைக் காட்டி, அத்தனை பெண்களையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார். அனைவரும் ஒன்றானவள் என்பதால் அவள் 'அகிலவல்லி' நாச்சியார். 360 பெண்களில் மூத்தவளின் பெயர் கோமளவல்லி. அவளே இங்கே தாயாராகத் தனிச் சன்னதியில் எழுந்தருளியிருக்கிறாள்.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேட்டவர் சாட்சாத் பெருமாள் என்றாலும், 'எல்லாரையும் ஒரே முகூர்த்தத்தில் முடித்துவிடலாம்' என்று அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்கென்று ஒரு நாள், அவளுக்கென்று ஒரு மாலை. ஆண்டு முழுவதும் பந்தல் பிரிக்கப்படாத வீடாக அந்த ஆசிரமத்தைக் கற்பனை செய்து பாருங்கள்!

சன்னதியில் எப்படிச் சேவிப்பது?

மூலவர் ஆதிவராகப் பெருமாள். கிழக்கு நோக்கி, நின்ற திருக்கோலம். வராக முகம். ஒரு திருவடி பூமியில் ஊன்றியிருக்க, மற்றொன்றை ஆதிசேஷனும் அவன் மனைவியும் தலையில் தாங்குகிறார்கள். மடித்த இடத் தொடையில் அகிலவல்லித் தாயாரைத் தாங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு சின்ன குழப்பம் பலருக்கும் வரும். "இடப்பக்கம் என்றார்களே, தாயார் வலது பக்கமல்லவா இருக்கிறார்?" என்று. எதிரே நின்று சேவிக்கும் நமக்கு வலது கைப்பக்கம் எதுவோ, அது பெருமாளுக்கு இடப்பக்கம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் நினைக்காமல், நீங்களே பெருமாள் இருக்கும் இடத்திலிருந்து வாசலைப் பார்ப்பதாக ஒரு நொடி நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். குழந்தைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்து அழைத்துப் போகலாம். அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

வராக அவதாரம் என்றதும் இரணியாட்சனை வதைத்த உக்கிரம்தான் நினைவுக்கு வரும். இங்கே உக்கிரம் இல்லை. கடலுக்கடியில் கிடந்த பூமிப்பிராட்டியை மீட்டு வந்து, மடியில் இருத்தி, அவளிடம் பேசிக்கொண்டிருக்கும் கோலம். என்ன பேசுகிறார்? வைணவப் பெரியோர் மூன்று சரம சுலோகங்களைப் போற்றுவார்கள். ராமன் கடற்கரையில் சொன்னது ஒன்று, கண்ணன் தேர்த்தட்டில் சொன்னது ஒன்று, வராகன் பூமிப்பிராட்டிக்குச் சொன்னது மூன்றாவது. "உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும். கடைசி நாளில் அவன் கட்டையைப் போல நினைவற்றுக் கிடந்தாலும், அவனை நான் நினைத்துக்கொள்கிறேன்" என்பது அதன் கருத்து. வயதான மாமியாரையோ தாயாரையோ அழைத்துக்கொண்டு போகிறவர்கள், சன்னதியில் இதை அவர்களுக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

உற்சவர் நித்ய கல்யாணப் பெருமாளின் திருமுகத்தைத் தாடைப் பக்கம் உற்றுப் பாருங்கள். கல்யாணப் பிள்ளைக்கு வைப்பதுபோல ஒரு திருஷ்டிப் பொட்டு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. கோமளவல்லித் தாயாருக்கும் அப்படியே. திருஷ்டி தோஷம் விலக இவர்களைப் பிரார்த்திப்பது வழக்கம். ஆதிசேஷன் மேல் திருவடி வைத்திருப்பதால் ராகு, கேது தோஷ நிவர்த்திக்கும் பலர் வருகிறார்கள்.

ஆண்டாளுக்கும் இங்கே சன்னதி உண்டு. மானிடருக்கு வாழ்க்கைப்படாமல் அரங்கனையே மணந்தவள் அல்லவா அவள்! கல்யாண வீட்டில் அவள் இல்லாமலா?

தல விருட்சம் புன்னை. கடற்கரை மணலில் செழித்து வளரும் மரம். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் என்றாலே புன்னைதான். நற்றிணையில் ஒரு பாட்டில் (172), தலைவனோடு புன்னையடியில் நின்று சிரித்துப் பேச ஒரு பெண் வெட்கப்படுவாள். காரணம், அந்த மரம் பிள்ளையைப் போல வளர்க்கப்பட்டது. 'இது உனக்குச் சகோதரி' என்று தாய் மகளிடம் சொல்லியிருக்கிறாள். சகோதரிக்கு முன்னால் காதலனோடு எப்படிச் சிரிப்பது? பெண்ணைப் பெற்றவர்கள் வந்து நிற்கும் கோயிலுக்குப் புன்னை தல விருட்சமாக வாய்த்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆழ்வார் தாயானார்

திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தைப் புரட்டினால் ஒரு யாத்திரை வழியே தெரியும். திருவேங்கடம், திருவள்ளூர், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, அடுத்து திருக்கடல்மல்லை என்னும் மாமல்லபுரம், அதன் பிறகு திருவிடவெந்தை, பிறகு காஞ்சி. இன்று நாம் காரில் சுற்றும் அதே வட்டாரம்தான்!

இதில் ஏழாவது திருமொழி திருவிடந்தைக்கு உரியது. ஆழ்வார் இங்கே தன் குரலில் பேசவில்லை. பரகால நாயகி என்ற பெண்ணாகவும் பேசவில்லை. அவளுடைய தாயாக மாறிப் பேசுகிறார். பெருமாள்மேல் காதல் கொண்டு வாடும் மகளுக்காக, தாய் நேரே பெருமாள் வாசலுக்கு வந்து நிற்கிறாள்.

அந்தத் தாய் என்ன சொல்கிறாள் தெரியுமா? என் பெண் தோழிகளோடு சிரித்துப் பேசுவதில்லை. கண்ணுக்கு மை தீட்டுவதில்லை. கூந்தலில் பூ வைப்பதில்லை. சந்தனம் பூசினால் நெருப்பாகச் சுடுகிறது அவளுக்கு. நிலா வெளிச்சமும் சுடுகிறது. ஒரு நாழிகை ஒரு யுகமாக நகர்கிறது. கடல் இரைந்தால் அதைக் கேட்டு இவளும் புலம்புகிறாள். வாயைத் திறந்தால் உன் பெயர் தவிர வேறு பெயர் வருவதில்லை. பாற்கடலில் பிறந்த திருமகள் உன் மார்பில் இருக்கிறாள் என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் உன்மேல் வைத்த ஆசையை விடமாட்டேன் என்கிறாள். இவள் விஷயத்தில் நீ என்னதான் முடிவு செய்திருக்கிறாய்? இந்தக் கேள்வியைப் பாசுரம்தோறும் கேட்கிறாள்.

படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. திருவிடந்தைக் கடற்கரையில் நீங்கள் கேட்கப் போவதும் அந்தப் பெண்ணை அழவைத்த அதே அலையோசைதான்.

இந்தத் திருமொழியை எழுதி எடுத்துக்கொண்டோ, கைப்பேசியில் வைத்துக்கொண்டோ போங்கள். சன்னதியில் நின்று பத்துப் பாசுரங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருள் முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை; இது ஒரு தாயின் முறையீடு என்பது தெரிந்தால் போதும்.

மாலை வாங்கிச் சாத்துமுன்...

இப்போது, இந்தக் கோயிலுக்குப் பெரும்பாலானவர்கள் எதற்காக வருகிறார்களோ, அந்தப் பிரார்த்தனைக்கு வருவோம். கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணும் வரலாம், பிள்ளையும் வரலாம். இருவருக்கும் ஒரே முறைதான்.

காலையில் குளித்து, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூமாலையோடு அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு சன்னதிக்குச் செல்ல வேண்டும். பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை ஆனதும், பெருமாளுக்குச் சாத்திய மாலையை அர்ச்சகர் கொடுப்பார். அதை யாருக்குத் திருமணம் நடக்க வேண்டுமோ அவரே கழுத்தில் அணிந்துகொண்டு கோயிலை ஒன்பது முறை வலம் வர வேண்டும். பிறகு கொடிமரத்தின் அருகே நமஸ்கரித்து, மாலையை வீட்டுக்கு எடுத்துச் சென்று பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் இருவருமாக, வாடிப்போன அந்தப் பழைய மாலையோடு வந்து, பெருமாளுக்கு அர்ச்சனை செய்து நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று பறந்து, பெண் அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ போன பிறகு, பூஜை அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மாலை தட்டுப்படும். 'அடடா!' என்று தலையில் கை வைப்பார்கள். கல்யாண நாள் குறித்தவுடனே, திருவிடந்தைக்கு வரும் நாளையும் அதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது சுற்று என்பது குறைந்த தூரமல்ல. வெறுங்காலோடு, பத்து மணிக்கு மேல் கருங்கல் தரையில் நடப்பது தண்டனை மாதிரி. சித்திரை, வைகாசியில் கேட்கவே வேண்டாம். நடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். "சும்மா பீச்சுக்குப் போறோம், வா" என்று மகளை அழைத்து வந்து, கோயில் வாசலில் மாலையை நீட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே, பக்கத்தில் இருப்பவர்களிடம் "இவளுக்கு இருபத்தொன்பது ஆகுது, செவ்வாய் தோஷம் வேற, வர்ற வரனெல்லாம் தட்டிப்போகுது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கழுத்தில் மாலையோடு தலையைக் குனிந்துகொண்டு சுற்றும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். ஊரார் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் ஏற்கெனவே களைத்திருக்கிறாள். பெருமாள் சன்னதியிலுமா?

ஆழ்வார் காட்டிய தாயைப் பாருங்கள். மகள்மேல் குறைசொல்லவா வந்தாள் அவள்? மகளுக்காகப் பரிந்து பேச வந்தாள். மகளின் மனத்தில் யார் இருக்கிறார், அவள் எதற்காக ஏங்குகிறாள் என்பதெல்லாம் அந்தத் தாய்க்கு அத்துப்படி. அது தெரிந்த பிறகுதான் கோயில் வாசலுக்கு வருகிறாள். நாம் எத்தனை பேர் மகளிடம் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்டுவிட்டுப் புறப்படுகிறோம்? படிப்பை முடிக்க இன்னும் ஓராண்டு வேண்டும் என்பாளோ, மனத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லத் தயங்குகிறாளோ, யாருக்குத் தெரியும்? கேட்டுவிடுங்கள். அவள் சம்மதித்து அணியும் மாலைக்கும், கட்டாயத்தில் அணியும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் பெருமாளுக்குத் தெரியாதா என்ன! காலவரின் பெண்களை அவர் ஒவ்வொருத்தியாகத்தானே ஏற்றுக்கொண்டார்.

கடலில் கால் வைக்குமுன்...

சேவித்தாயிற்று. பிள்ளைகள் கடலுக்கு இழுப்பார்கள். போகலாம். ஆனால் இந்தக் கடல் அழகாக இருக்கிறதே தவிர, அமைதியானதல்ல. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை பல இடங்களில் கரையிலிருந்து சில அடி தள்ளினாலே ஆழம் சட்டென்று இறங்கிவிடும். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அலை இன்னும் மூர்க்கமாக இருக்கும். 'குளிக்கக் கூடாது' என்று பலகை வைத்திருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நம் பெரியவர்கள் சமுத்திர ஸ்நானத்துக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது நினைவிருக்கிறதா? ராமேஸ்வரம் சேதுவைத் தவிர மற்ற இடங்களில் அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் போன்ற பர்வ காலங்களில் மட்டுமே கடலில் நீராட வேண்டும், மற்ற நாட்களில் கூடாது என்பார்கள். கடலும் ஒரு தீர்த்தம். விளையாட்டுப் பொருள் அல்ல என்ற மரியாதை அது. கரையில் நின்று கால் நனைத்து, கையில் கொஞ்சம் நீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். தாலிச்சரடையும் கொலுசையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலை கேட்காமலே வாங்கிக்கொள்ளும்.

தை, மாசி, பங்குனியில் இந்த மணலில் கடலாமைகள் இரவில் வந்து முட்டையிடும். கூர்ம அவதாரத்தைக் கும்பிடும் நாம், சாப்பிட்ட பிளாஸ்டிக் தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கேயே வீசிவிட்டு வரலாமா?

வடக்கே மூன்று, நான்கு கிலோமீட்டரில் இருக்கும் கோவளம் பழைய துறைமுக ஊர். 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாப் காலத்தில் எழுந்த கோட்டை பிறகு பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1752-இல் ராபர்ட் கிளைவின் படையிடம் விழுந்தது. மாதா கோயிலும் தர்காவும் அருகருகே உள்ள ஊர் அது. அங்குள்ள கடற்கரை தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உரிய 'நீலக்கொடி' தகுதியை 2021-இல் பெற்றது. குழந்தைகளோடு போகிறவர்கள் கால் நனைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வலவெந்தையைத் தேடி...

'இட'த்துக்கு ஒரு ஜோடி இருக்கிறது என்று சொன்னேனே! தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்று எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் கலங்கரை விளக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றில் இன்றும் பூஜை நடந்துகொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே இருப்பவரும் ஆதிவராகப் பெருமாள். பிராட்டி இருப்பதோ வலப்பக்கம்! அதனால் அந்தத் தலத்துக்குப் பெயர் 'திருவலவெந்தை'. ஞானப்பிரான் என்பது பெருமாளின் திருநாமம். உள்ளே இரண்டு பல்லவ மன்னர்கள் தம் தேவியரோடு இருக்கும் சிற்பங்களும், மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பெயர்ப் பொறிப்புகளும் உண்டு.

காலையில் இடவெந்தை, பிறகு வலவெந்தை என்று ஒரே நாளில் இரண்டையும் சேவிக்க முடிவது பெரிய பாக்கியம். அங்கே உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: "இப்போ தாயார் நமக்கு எந்தப் பக்கம்?" ஒன்று கவனம்: சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் புகழ்பெற்ற வராக மண்டபம் வேறு, இது வேறு. அது சிற்பங்களுக்காகப் பார்க்கப்படுவது. இதில் வழிபாடு உண்டு. நாள் முழுவதும் திறந்திருக்காது என்பதால், ஊர் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயிலில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

தலசயனப் பெருமாள் கோயில்தான் திருக்கடல்மல்லை திவ்ய தேசம். முதலாழ்வார்களில் ஒருவரான பூதத்தாழ்வாரின் அவதாரத் தலமும் இதுவே. பாற்கடல் பெருமாளின் திருவடியில் தாமரை மலர்களைச் சாத்த ஆசைப்பட்ட புண்டரீக மகரிஷி, வழியை மறித்த கடல்நீரைக் கையால் இறைக்கத் தொடங்கினார். ஒரு முதியவர் வந்து பசிக்கிறது என்றார். ரிஷி உணவு கொண்டுவரப் போன நேரத்தில், முதியவராக வந்த பெருமாள் தானே நீரை இறைத்துவிட்டு, வந்த இடத்திலேயே, ஆதிசேஷன்கூட இல்லாமல் வெறும் தரையில் பள்ளிகொண்டுவிட்டார்! தலம் என்றால் தரை. தரையில் சயனித்தவர் தலசயனர். தாயார் நிலமங்கை. பக்தன் வர முடியாத இடத்துக்குப் பெருமாளே வந்துவிட்ட தலம் இது. மாசி மகத்தன்று இங்குள்ள கடற்கரையில் இருளர் இன மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடி, மணலில் குடிலமைத்துத் தங்கி, தங்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள். அங்கேயே கல்யாணம் பேசி முடிப்பதும் தாலி கட்டுவதும் நடக்கும். நித்ய கல்யாணபுரிக்குப் பக்கத்து ஊராயிற்றே!

ஆழ்வார் கண்ட மல்லை, நிதிக்குவியலும் யானைகளும் நவமணிகளும் ஏற்றிய மரக்கலங்கள் வந்து நிற்கும் துறைமுகம். இன்று அந்தத் துறைமுகத்தைக் கண்ணால் காண முடியாது. ஆனால் கடல் எப்போதாவது எதையாவது திருப்பிக் கொடுக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் மணல் விலகி ஒரு பாறைக் கல்வெட்டு தெரிந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு 2005-இல் மத்தியத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு முருகன் கோயிலே வெளிவந்தது! பல்லவர் கட்டுமானத்துக்குக் கீழே, அதற்கும் பழைமையான செங்கல் கோயில். கல்லால் ஆன வேல் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. புலிக்குகையைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்தால் இதையும் பார்த்துவிடலாம்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் திருவிடந்தையில் நிற்கும். செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் திருப்போரூர் கந்தசுவாமியைத் தரிசித்துவிட்டு வரலாம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கிங்காம் கால்வாயில் படகிலேறி, இரவெல்லாம் பயணம் செய்து போயிருக்கிறார்கள். இப்போது ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை.

கோயில் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும். நண்பகலில் நடை சாத்துவார்கள். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பழைமையான கோயில். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், தூண்களிலும் சுவர்களிலும் குங்குமம், எண்ணெய் தடவாதீர்கள். கற்பூரமும் கண்ட இடத்தில் ஏற்ற வேண்டாம். சித்திரையில் பிரம்மோற்சவம். சனி, ஞாயிறுகளிலும் முகூர்த்த மாதங்களுக்கு முன்பும் பிரார்த்தனைக் கூட்டம் அதிகம். நிதானமாகப் பாசுரம் சொல்லிச் சேவிக்க நினைப்பவர்கள் வார நாளில், காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்கும்படி வீட்டிலிருந்து கிளம்புங்கள்.